நாற்பது சுமை லாரி

அத்தியாயம் 14

ஆறு நாள் கழித்து அம்மா வாயைத் திறந்தது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

போன வாரம் விசாரணை மேஜையில் கம்பெனி வக்கீல் அந்தப் புகைப்படத்தை எடுத்து வைத்ததிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. படத்தில் அப்பா இளைஞராக நிற்கிறார். ஒரு கை இடுப்பில், மறு கை ஒரு சின்ன லாரியின் மூக்கின் மேல். பின்னால் வெள்ளை வெளேரென்று தெரிவது, காட்டு மலைமேல் குடும்பம் மாக்கல் வெட்டியெடுக்கும் குழி.

“லாரி மேலே நிற்கிறது. அப்படியென்றால் லாரி போன சாலை இருந்திருக்கிறது” என்றார் வக்கீல். அந்தப் படத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தது தன் சொந்தத் தம்பி என்று வீட்டின் மூத்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வழக்கு சிக்கலானது இல்லை. காடு பாதுகாக்கப்பட்ட காடாக மூடப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. மூடப்பட்ட நாளில் என்ன பாதை இருந்ததோ அதே பாதை, அதே அகலத்தில், உள்ளே கல் எடுக்கும் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு உண்டு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மூத்தவள் சொன்னது மூன்றடி. கோவேறு கழுதை சுமையோடு போகிற பாதை. கம்பெனி சொன்னது பன்னிரண்டடி. மலை உச்சியில் அவர்களுக்கு ஓர் உரிமம் இருந்தது. பன்னிரண்டடி என்று முடிவானால் லாரிச் சாலை மலையிலுள்ள ஊற்றைப் புதைத்துவிட்டு, இவர்கள் குழியின் தலைமேல் ஏறித்தான் உச்சிக்குப் போகும்.

விசாரணை முடியும்வரை காட்டு நுழைவில் இருக்கும் கேட்டுக்குப் பூட்டு. பூட்டு விழுந்து பதினாலு மாதம். அப்பா போனபிறகு கழுதை ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கியவள் மூத்தவள். அவளுடைய மூன்று கழுதைகளும் இப்போது கொட்டிலில் நின்றபடி தின்று கொழுத்துக்கொண்டிருந்தன.

இன்று அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்கும் நாள்.

“அந்த லாரி ஓடி மேல போகல” என்றாள் அம்மா, தட்டைத் திருப்பியபடி.

“என்னம்மா?”

“ஓடிப் போகலன்னேன். தூக்கிட்டுப் போனது.”

மூத்தவள் கையிலிருந்த சேணத்தைக் கீழே வைத்தாள். “லாரியையா?”

“பின்ன, தலையணையையா? நீ நாலு வயசு. உன் தம்பி என் வயித்துல. குழியிலேர்ந்து கல் அடுக்குற இடம் இருநூறு அடி. அந்த இருநூறு அடிக்கு உங்க அப்பாவுக்கு லாரி வேணுமாம். சொன்னா கேக்குற ஆளா? எங்கேயோ ஒரு பழைய லாரியைப் பிடிச்சார். கீழ வச்சுக் கழட்டினார். கழுதை மேல ஏத்தினார். என்ஜினை மட்டும் எட்டுப் பேர் கழியில கட்டித் தூக்கினாங்க. மொத்தம் நாப்பது சுமை.”

“எங்ககிட்ட ஏன் சொன்னதே இல்ல?”

“சொல்லிக்கிற மாதிரியா இருந்துச்சு? ஊரே கைகொட்டிச் சிரிச்சுதுடி. சந்தைக்குப் போனா, ‘உங்க வீட்டுக்காரர் அடுத்தது ரயிலை எப்ப தூக்கப்போறார்’னு கேப்பாங்க. நாலு மாசம் ஓடிச்சு. அப்புறம்…” அம்மா தட்டை இன்னொரு முறை தேய்த்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. “அப்புறம் நின்னு போச்சு. அந்த மழையில பழைய குழி சரிஞ்சுது. முள் மூடிடுச்சு. அந்தப் பேச்சையும் மூடிட்டோம்.”

பழைய குழிப் பக்கம் போகக் கூடாது என்பது மூத்தவள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து வீட்டுக் கட்டளை. சரிவுக்குப் பயந்து என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“இதை நீ வந்து சொல்லும்மா.”

“கட்டின பொண்டாட்டி கதை சொல்றான்னு சிரிப்பாங்க. சிரிச்சது போதும்.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். “அது இன்னும் அங்கதான் நிக்கும். போய் அதையே கேளு.”

வாசல்வரை வந்தவள், மகளின் தலையில் கைவைத்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். கடவுளோடு பேசும்போது அம்மா யாருக்கும் கேட்கும்படி பேசமாட்டாள்.

*

கேட் முன்னால் ஒரு சின்னக் கூட்டமே நின்றிருந்தது.

தொப்பி அணிந்து, அளவு நாடாவைத் தோளில் மாட்டியிருந்த பெண்தான் விசாரணை அதிகாரி. பக்கத்தில் வனக்காவலர், எதற்கெடுத்தாலும் ஊதுவதால் எல்லாருக்கும் அவர் ‘விசில்’. பளபளக்கும் ஷூவோடு கம்பெனி வக்கீல். சற்றுத் தள்ளி, பாக்கெட்டில் கைவிட்டபடி தம்பி. லாரி ஓட்டுகிறவன். தொண்டையும் அதற்கேற்ற மாதிரி என்பதால் அவனுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். இன்று அந்த ஹாரன் சத்தமே போடவில்லை. அக்காவின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

வக்கீலோடு ஒரு முதியவரும் வந்திருந்தார். ஐம்பது வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த மெக்கானிக். கம்பெனியின் நிபுணர் சாட்சி.

“இவர் மேலே வரமாட்டார், மேடம். முழங்கால் சரியில்லை. படத்தைப் பார்த்து, ஓட்டிப்போன வண்டிதான்னு இங்கேயே எழுதிக் கொடுத்துடுவார்” என்றார் வக்கீல்.

“நேரில் பார்த்தா நல்லது. முடியலைன்னா வேற வழியில்லை, எழுதி வாங்கிக்கறேன்” என்றார் அதிகாரி.

மெக்கானிக் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தார். “இந்த மாடலைப் பார்த்து நாப்பது வருஷம் ஆச்சு. ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டா போதும்னு இருக்கு. இந்தக் கால் விடமாட்டேங்குதே.”

மூத்தவள் அவருடைய காலைப் பார்த்தாள். நிற்கும்போதே வலது முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் எதிர்த் தரப்புச் சாட்சி. அவர் கீழேயே எழுதிக் கொடுத்தாலும் கெடுதல், மேலே வந்து சொன்னால் இன்னும் கெடுதல் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் ஆசையோடு மலையைப் பார்க்கும் முதியவரைப் பார்த்துக்கொண்டே, வயிறு முட்டத் தின்ற மூன்று கழுதைகளை வைத்துக்கொண்டு, சும்மா நிற்க அவளால் முடியவில்லை.

‘மகாராணி’ என்று பெயர் வைத்திருந்த பெரிய கழுதையை முன்னால் இழுத்தாள்.

“ஏறிக்குங்க ஐயா. ரொம்ப சாது. கொஞ்சம் கர்வம் மட்டும் உண்டு.”

தம்பி அவசரமாகக் கிட்டே வந்தான். “அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? அவர் கம்பெனி ஆளு!”

“நீ மட்டும் யாரு ஆளு? முதல்ல அதை முடிவு பண்ணு.”

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. மெக்கானிக்கின் காலைச் சேணத்தின் வளையத்தில் வைக்க மூத்தவள் குனிந்தபோது, மறுபக்கத்திலிருந்து ஒரு கை அவரைத் தாங்கியது. தம்பியின் கைதான்.

*

பாதி மலையில் ‘இடுக்கு’ இருக்கிறது. பாதை வளையும் திருப்பத்தில் இரண்டு பாறைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடம். தலைமுறை தலைமுறையாகச் சுமை உரசி உரசி இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மகாராணி அங்கே நின்று, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, மெக்கானிக்கின் முழங்காலில் கீறல் விழாமல் நுழைந்தது.

அதிகாரி நாடாவைப் பிடித்தார். “மூணடிக்கு ரெண்டு அங்குலம் குறைச்சல்.”

“இது கழுதைப் பாதை. மறுக்கவே இல்லையே!” என்றார் வக்கீல், மூச்சிரைக்க. அவருடைய ஷூ பளபளப்பை விட்டு வெகுநேரமாகியிருந்தது. “லாரிச் சாலை அந்தப் பக்கமா மேட்டைச் சுத்திப் போச்சு. முப்பது வருஷத்துல மரம் மூடிடுச்சு. ஆனா லாரி பொய் சொல்லாது, மேடம்.”

தம்பி அக்காவின் பின்னால் வந்துகொண்டிருந்தான். கொஞ்ச தூரம் கழித்து, தானாகவே பேசினான்.

“அப்பாவோட சட்டைப் பெட்டியில அந்தப் படம் கிடைச்சுதுக்கா. பார்த்ததும் என்ன தோணுச்சு தெரியுமா? பள்ளிக்கூடத்துல என்னைக் கழுதைக்காரன் பையன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பா மலைமேல சாலை போட்டவர்னு இப்ப தெரிஞ்சப்போ, நாலு பேருக்குக் காட்டணும்னு இருந்துச்சு. அவங்க கேட்டாங்க, கொடுத்துட்டேன். ஊத்து, குழி எல்லாம் போகும்னு அப்புறம்தான் உறைச்சுது.”

“உறைச்சப்புறம் வந்து சொல்லலாம்ல?”

“உன் மூஞ்சியைப் பார்க்கப் பயமா இருந்துச்சு.”

மூத்தவளுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அது நேற்று இருந்த அளவு இல்லை. அம்மா சொன்னதை அவனிடம் சொல்லிவிட நாக்கு துடித்தது. அவனே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“நட. மூஞ்சி எங்கேயும் போகாது.”

*

பழைய குழி இருந்த இடத்தில் முட்புதர் ஆளுயரத்துக்கு நின்றது. விசில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார். “இது வெளியிலேர்ந்து வந்த களை. வெட்டலாம்” என்று சொல்லி, சந்தோஷத்தில் ஒரு முறை ஊதினார். அரிவாள்கள் இறங்கின.

முதலில் ஒரு விளக்கின் கண் தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு முழு லாரியும் வெளியே வந்தது. துரு ஏறி, சக்கரத்து ரப்பர் எல்லாம் உதிர்ந்து, ஓட்டுநர் இருக்கையில் ஏதோ பறவை கூடுகட்டி விட்டுப்போன வைக்கோலோடு.

“பாருங்க மேடம்!” என்று வக்கீல் கையைத் தட்டினார். “நான் சொன்னேனா இல்லையா?”

அதிகாரி மெக்கானிக்கைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க.”

மெக்கானிக் கழுதையிலிருந்து இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு கீழே படுக்க முயன்றார். மூத்தவள் ஒரு சாக்கை எடுத்து விரித்தாள். தம்பி செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் கூடவே வண்டிக்கு அடியில் நுழைந்தான். இரும்பு என்றால் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன.

“ஐயா, இது என்ன, நடுவுல தகடு போட்டிருக்கு?” தம்பியின் குரல்.

“தகடா? எங்க, விளக்கை இப்படிக் காட்டு.” நகம் துருவைச் சுரண்டும் சத்தம். “அடப் பாவி! அறுத்திருக்கான், தம்பி. சேஸை மூணு துண்டா அறுத்து, தகடு வச்சு, போல்ட் போட்டுச் சேர்த்திருக்கான்.”

“பக்கத்துல வெள்ளைப் பெயின்ட்ல ஏழு, எட்டு, ஒன்பதுன்னு எழுதியிருக்கு… ஐயா, அச்சுல பன்னிரண்டு… அக்கா!” நெடுநாள் கழித்து ஹாரன் முழு சத்தத்தில் அடித்தது. “அக்கா, எல்லாத்துலயும் எண் இருக்கு! அப்பா கையெழுத்து!”

மெக்கானிக் சட்டையெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். அதிகாரியின் முன்னால் நிமிர்ந்து நின்றார். முழங்கால் நடுங்கவில்லை.

“மேடம், சேஸ் வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி. சாலை இருந்தா எந்த மடையனும் அதை அறுக்கமாட்டான். இந்த வண்டி ஓடி வரல. துண்டு துண்டா ஏத்தி, இங்க வச்சுப் பூட்டியிருக்காங்க.”

“விபத்துல உடைஞ்சு, அப்புறம் ஒட்டினதா இருக்கலாமே?” என்று வக்கீல் குறுக்கே வந்தார்.

“உடைஞ்சா கிழிஞ்ச மாதிரி இருக்கும். இது ரம்பம். பல் தடம்கூட அழியல. மூணு துண்டும் நாலரை அடி, ஒரே அளவு. அதுக்கு மேல நீளம் இருந்தா, வர்ற வழியில பார்த்தோமே, அந்த இடுக்குல கழுதை திரும்பாது. அறுத்தவன் அளந்து அறுத்திருக்கான்.”

“ஐயா, நீங்க எங்க சாட்சி!”

“உங்க சாட்சிதான். நான் இல்லைன்னா சொன்னேன்? கீழேயே இருந்திருந்தா, படத்தைப் பார்த்து ஓட்டி வந்த வண்டின்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். தெரியாமப் பாவம் பண்ணியிருப்பேன்.” மகாராணியின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். “இது என்னை ஏத்திட்டு வந்துச்சு, தப்பிச்சேன்.”

அதிகாரி ஒவ்வொரு எண்ணையும் படம் எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் அளந்தார். ஒரு பாறைமேல் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

“காடு மூடப்பட்ட நாளில் இருந்தது மூன்றடிச் சுமைப் பாதை மட்டுமே. வேறு சாலை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. உரிமதாரர் அந்தப் பாதையில் போய்வரலாம். கேட் இன்றே திறக்கப்படும்.”

விசில் ஊதிய ஊதலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழும்பின.

“நாங்க மேல்முறையீடு போவோம்” என்றார் வக்கீல்.

“தாராளமா. முப்பது நாள் இருக்கு.” அதிகாரி பேனாவை மூடப்போனவர், திரும்பத் திறந்தார். “இன்னொண்ணு. இந்தக் காட்டுக்குள்ள மோட்டார் வண்டி நிக்கக் கூடாது. மழைக்கு முன்னாடி இதைக் கீழ இறக்கிடணும்.”

“எந்த வழியா மேடம்?” என்று தம்பி கேட்டான்.

“மூணடின்னு இப்பத்தானே எழுதினேன்?”

முதலில் சிரித்தது மெக்கானிக். பிறகு எல்லாரும். கடைசியில் வக்கீலுக்கே உதடு லேசாகக் கோணியது. சிரித்துக்கொண்டிருந்த தம்பி, திடீரென்று முகத்தை மூடிக்கொண்டான்.

“அப்பா சாலை போடவே இல்லையாக்கா…”

மூத்தவள் அவன் தோளைப் பிடித்தாள். “டேய், லாரியில போனவங்க ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. லாரியைக் கழுதை மேல ஏத்திட்டுப் போனவர் ஒருத்தர்தான். இதை நீ நாலு பேருக்கு இல்ல, நானூறு பேருக்குச் சொல்லலாம்.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியின் கதவைத் திறந்தான். அது அழுதுகொண்டே திறந்தது. உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஏதோ எழுதியிருந்தது. படித்துக்கொண்டே போனவன், கடைசி வரிகளில் அசையாமல் நின்றுவிட்டான். பிறகு செல்போனில் அதைப் படம் எடுத்து, யாரிடமும் காட்டாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

*

கதையைக் கேட்டு அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வக்கீலின் ஷூவைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். கேட் சாவியை விசில் தானே வந்து கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னதும், மேலே பார்த்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

பிறகு மெல்லக் கேட்டாள். “எல்லாத் துண்டும் இருந்துச்சா?”

“முப்பத்தொன்பது இருக்கும்மா” என்றான் தம்பி. “நாப்பதாவதைக் காணோம். முன்னாடி சொருகிச் சுத்திக் கிளப்புற இரும்புக் கம்பி. அது இல்லாம வண்டி கிளம்பாது.”

அம்மா எழுந்து உள்ளே போனாள். அலமாரிக்குப் பின்னால் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. துணி சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். பிரித்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்த, துரு கொஞ்சமும் படியாத இரும்புக் கம்பி. ஓரத்தில் வெள்ளையில் நாற்பது.

“நாலு மாசத்துல மூணு தடவை வண்டி சரிவுல சறுக்குச்சு” என்றாள். “நீ பொறந்து பத்து நாள். எனக்குப் பயம். ஒரு நாள் இதை எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். உங்க அப்பா காடெல்லாம் தேடினார். நானும் கூடப் போய்த் தேடினேன், பாவி. அந்த மழை வர்ற வரைக்கும். கண்ணை மூடுற வரைக்கும் அவர்கிட்ட உண்மையைச் சொல்லல.”

தம்பி செல்போனை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தான். கதவின் உள்பக்கம். ஒன்றிலிருந்து தொடங்கும் பட்டியல். அவன் விரல் கடைசிக்கு முந்திய வரியில் போய் நின்றது.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். “நாற்பது… கிளப்பும் கம்பி… வீட்டில்… அவளிடம்… பத்திரமாக இருக்கிறது.”

வெளியே கொட்டிலில் மகாராணி செருமியது.

“தெரிஞ்சுதான் தேடினாரா?” அம்மா அந்த வரியை விரலால் தொட்டாள். “எதுக்கு?”

“நீயும் கூட வந்து தேடினியேம்மா” என்றாள் மூத்தவள். “அதுக்காக இருக்கும்.”

அம்மா கம்பியை மறுபடி துணியில் சுற்றினாள். இந்த முறை ஒளித்து வைக்கிறவள் மாதிரி இல்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிறவள் மாதிரி சுற்றினாள்.

தம்பி தயங்கினான். “அதுக்குக் கீழ நாப்பத்தொண்ணுன்னு ஒரு எண் போட்டிருக்காரும்மா. எதிர்ல ஒண்ணுமே எழுதல. சுமை நாப்பதுதானே? அது என்ன?”

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?”

“ஆறு மணிக்கு.”

“மகாராணி மேல எனக்கு இடம் வை.” முப்பத்து மூன்று வருஷமாக மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். “இந்தக் கம்பியை உங்க கையில கொடுத்து அனுப்பமாட்டேன். எடுத்தவளே கொண்டுபோய் வைக்கிறேன். கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அது கிளம்புதான்னு பார்க்கணும்.”

கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்பத்தொன்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.